ஆறு வயசு மருமகன்

மான்செஸ்டர் பக்கத்துல இருந்து ஒரு வாசகி எழுதியிருந்தாங்க. நீளமான மெயில், சுருக்கி தர்றேன். பேரெல்லாம் மாத்திட்டேன், ஆனா அந்த ஊருக்கு பொருந்துற பேராத்தான் மாத்தியிருக்கேன்.

"அக்கா, நான் திருச்சி பொண்ணு, வீட்டுக்காரர் இங்கிலீஷ்காரர். மாமியாரை நான் அத்தைனுதான் கூப்பிடுவேன், அவங்களுக்கும் பழகிருச்சு. வர்ற மார்ச்ல அவங்களுக்கு 75 முடியுது, அவங்க அம்மா வழி குடும்பத்த ஒரு சார்ட்டா போட்டு ஃப்ரேம் பண்ணி குடுக்கணும்னு ஆசை. கையில இருக்கிறது ஒரு பழைய பிஸ்கட் டின், அதுக்குள்ள அவங்க தாத்தா பாட்டியோட கல்யாண சர்ட்டிபிகேட். 1898 ஆகஸ்ட், லங்காஷயர், ஹஸ்லிங்டன் ஏரியால ஒரு சர்ச். மாப்பிள்ளை தாமஸ் ஆஷ்வொர்த், வயசு 23, மில்லுல தறி ஓட்டுறவர். பொண்ணு எலன் பிக்கப், வயசு 21. தாமஸோட அப்பா ஜேம்ஸ் ஆஷ்வொர்த், கல் குவாரி வேலைனு போட்டிருக்கு. பிறப்பு இண்டெக்ஸ்ல தேடினா அதே ஏரியால அந்த வயசுக்கு மூணு தாமஸ் ஆஷ்வொர்த் வர்றாங்க. மூணு சர்ட்டிபிகேட்டும் வாங்கிரட்டுமா? நெட்ல யாரோ போட்ட ஃபேமிலி ட்ரீல ஜேம்ஸ், சாரானு அப்பா அம்மாவோட நம்ம தாமஸ் இருக்கார், அது 1612 வரைக்கும் போகுது, அதை அப்படியே எடுத்துக்கலாமா? இன்னொரு குழப்பம். 1881 சென்சஸ்ல ஜேம்ஸ் வீடு கிடைச்சிருச்சு, ஆனா பொண்டாட்டி பேரு ஹன்னா, மக ஆலிஸ் 3 வயசு, தாமஸ் 6 வயசு. தாமஸுக்கு நேரா மகன்னு போடாம மருமகன்னு, சன் இன் லானு போட்டிருக்கு. ஆறு வயசு பையன் எப்படிக்கா மருமகன் ஆவான்? எழுதினவன் தூங்கிட்டானா?"

தங்கச்சி, எழுதினவன் தூங்கல, நல்லா முழிச்சிட்டுதான் எழுதியிருக்கான். உங்க கேள்வி மொத்தத்துக்கும் சாவி அந்த ஒரு வார்த்தைலதான் இருக்கு, நீங்க என்னடான்னா அதை தப்புனு ஒதுக்கிட்டு மூணு சர்ட்டிபிகேட் வாங்க காசு எடுத்துட்டு நிக்கிறீங்க.

அந்தக் காலத்து இங்கிலீஷ்ல சன் இன் லான்னா மக புருஷன் மட்டும் இல்ல. பொண்டாட்டி கூட்டிட்டு வந்த பிள்ளையையும் அப்படித்தான் சொல்லுவாங்க, சட்டத்தால வந்த மகன்னு அர்த்தம். இப்ப ஸ்டெப் சன்னு சொல்றோம்ல, அதேதான். நமக்கு இது ஒண்ணும் புதுசு இல்லையே, மருமகன்னு நாம மாப்பிள்ளையையும் சொல்றோம், கூடப்பிறந்தவ பையனையும் சொல்றோம், நாளைக்கு ஒரு வெள்ளைக்காரன் நம்ம வீட்டு கணக்க படிச்சா அவனும் இப்படித்தான் மண்டைய சொறிவான். ஆக 1881ல அந்த வீட்டுல நடந்தது என்னன்னா, தாமஸ் ஹன்னா பிள்ளை, ஜேம்ஸ் பிள்ளை இல்ல.

இதை எவ்வளவு தூரம் நம்பலாம்னு கேப்பீங்க. குடும்பப் பரம்பரை தேடிக் குடுக்கிற இந்த வேலைல எந்த பேப்பர் கைக்கு வந்தாலும் நான் முதல்ல பாக்குறது அதுல என்ன எழுதியிருக்குனு இல்ல, அதை யார் சொன்னா, யார்கிட்ட சொன்னா, அப்படி சொல்றதுல அவங்களுக்கு என்ன லாபம்னுதான். சர்ட்டிபிகேட்னு பேர் இருக்கிறதால நாம அதை சத்தியம்னு நினைச்சிடுறோம். உண்மைல அது ஒரு ஆள் கவுண்டர் முன்னாடி நின்னு வாயால சொன்னத இன்னொரு ஆள் எழுதிக்கிட்டது, அவ்வளவுதான். 1881 சென்சஸ்ல வீட்டுக்கு ஒரு ஃபாரம் குடுத்தாங்க, வீட்டுத் தலைவர் அதை நிரப்பணும், அல்லது எழுதத் தெரியாட்டி வந்த ஆளுகிட்ட வாயால சொல்லணும், அவர் அதை தன்னோட புத்தகத்துல காப்பி பண்ணிக்குவார். அப்ப இந்த பையன் என் பிள்ளை இல்லனு சொன்னது பெரும்பாலும் ஜேம்ஸே, அல்லது அவர் பக்கத்துல இருந்த ஹன்னா. மகன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு போயிருக்கலாம், யாரும் கேட்டிருக்க மாட்டாங்க. சொல்லல. அதனால இதுக்கு நான் நிறைய மார்க் போடுவேன்.

1898 கல்யாணப் பேப்பர்ல அப்பா பேர் ஜேம்ஸ்னு சொன்னது யாரு? தாமஸ். அவருக்கு நினைவு தெரிஞ்சதுல இருந்து சோறு போட்டு வளத்தவர் ஜேம்ஸ், பாதிரியார் அப்பா பேர் என்னனு கேட்டா வேற என்ன சொல்லுவார்? பர்த் சர்ட்டிபிகேட் கொண்டானு அப்ப யாரும் கேக்குறதில்ல. சில பேர் அப்பா இல்லாத கட்டத்த காலியா விட வெக்கப்பட்டு தாத்தா பேர சொல்லியிருக்காங்க, சில பேர் இல்லாத ஒரு ஆளையே உருவாக்கி அவருக்கு ஒரு தொழிலும் குடுத்திருக்காங்க. அம்மா பேரையாவது கேட்டிருக்கலாம்ல? இங்கிலாந்துல கல்யாணப் பதிவுல அம்மா பேர் சேத்ததே 2021 மே 4 ல இருந்துதான். 1837ல ஆரம்பிச்சு 180 வருஷத்துக்கும் மேல பெத்தவ பேருக்கு அதுல இடமே இல்ல, எனக்கு இது ஒவ்வொரு தடவையும் எரிச்சல் வர்ற விஷயம், விடுங்க.

இப்ப வயசுக் கணக்க பாப்போம், இதை சும்மா தோராயமா போடாதீங்க. 1881 சென்சஸ் ராத்திரி ஏப்ரல் 3. அன்னைக்கு 6 வயசுன்னா 1874 ஏப்ரலுக்கும் 1875 ஏப்ரலுக்கும் நடுவுல பிறந்திருக்கணும். 1898 ஆகஸ்ட்ல 23னா 1874 ஆகஸ்டுக்கும் 1875 ஆகஸ்டுக்கும் நடுவுல. ரெண்டும் ஒத்துப்போற இடம் 1874 ஆகஸ்ட்ல இருந்து 1875 ஏப்ரல் வரைக்கும். கல்யாணத்துல வயசு 21னு இருந்தா நான் சந்தேகப்படுவேன், ஏன்னா 21க்கு கீழ இருந்தா பெத்தவங்க சம்மதம் வேணும், அதுக்காக ஏத்தி சொல்லுவாங்க (எலன் 21னு சொல்லியிருக்காங்கல்ல, அதை கொஞ்சம் சந்தேகத்தோடயே வைங்க). 23னு பொய் சொல்ல ஒரு காரணமும் இல்ல.

பிறந்த தேதி வேற, பதிவு தேதி வேற. பதிய 42 நாள் டைம் இருந்தது, இண்டெக்ஸ் மூணு மூணு மாசமா மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் குவாட்டர்னு பிரிச்சிருக்கும், அதுவும் பதிவு தேதிப்படி. டிசம்பர்ல பிறந்தவன் அடுத்த வருஷம் மார்ச் குவாட்டர்ல உக்காந்திருக்கலாம். அதனால நீங்க தேட வேண்டியது 1874 செப்டம்பர் குவாட்டர்ல ஆரம்பிச்சு 1875 ஜூன் குவாட்டர் வரைக்கும்.

இதுல ஒரு விசேஷம் இருக்கு. சரியா இதுக்கு நடுவுல, 1875 ஜனவரி 1ல சட்டம் மாறிச்சு. 1837 ஜூலை 1ல பதிவு ஆரம்பிச்சப்ப குழந்தை பிறந்தத தேடிப் பிடிச்சு எழுதுறது ரிஜிஸ்ட்ரார் வேலை, அவர் தெருத்தெருவா விசாரிச்சு எழுதினார், அவர் கண்ணுல படாதது விட்டுப்போச்சு. 1874ல வந்த சட்டம்தான் பொறுப்ப தூக்கி பெத்தவங்க தலைல வச்சது, பதியாட்டி 40 ஷில்லிங் வரைக்கும் அபராதம். அதே சட்டம் இன்னொண்ணும் செஞ்சது, கல்யாணம் ஆகாத அம்மா தனியா வந்து இன்னார்தான் அப்பானு சொன்னா எழுதக்கூடாது, அந்த ஆளும் கூட வந்து ஒத்துக்கிட்டு கையெழுத்து போட்டாதான் எழுதணும். அதனால 1875க்கு அப்புறம் அப்பா கட்டத்துல கோடு இழுத்த சர்ட்டிபிகேட் ஏராளம். தாமஸ் 1874 கடைசில பிறந்திருந்தா பதியாமலே போயிருக்கவும் கொஞ்சம் வாய்ப்பு உண்டு, மனசுல வச்சுக்கோங்க.

இப்ப அந்த மூணு தாமஸ் ஆஷ்வொர்த் விஷயத்துக்கு வர்றேன். ஜேம்ஸ் சொந்த அப்பா இல்லன்னா தாமஸ் பிறந்தப்ப ஆஷ்வொர்த்தே இல்லம்மா. மூணு பேப்பர் வாங்கினாலும் மூணும் வேற வீட்டுப் பிள்ளைங்களா இருக்கத்தான் சான்ஸ் அதிகம். அந்த பள்ளத்தாக்குல கல்லை விட்டெறிஞ்சா ஒரு ஆஷ்வொர்த் மேலதான் விழும், ராச்டேல் பக்கத்துல ஆஷ்வொர்த்னே ஒரு ஊர் உண்டு, அங்க இருந்து கிளம்பின பேர். பிக்கப்பும் அப்படித்தான், நமக்கு பிக்கப் வேன் ஞாபகம் வரும், அங்க அது ஊரெல்லாம் இருக்கிற குடும்பப்பேர்.

தேட வேண்டியது ஹன்னாவ. அதுக்கு முதல் படி காசு செலவில்லாதது. ஜிஆர்ஓனு சொல்ற ஜெனரல் ரிஜிஸ்டர் ஆபீஸோட சொந்த இண்டெக்ஸ் ஆன்லைன்ல இருக்கு, கணக்கு ஒண்ணு தொறந்தா போதும், தேடுறது இலவசம். பழைய அச்சடிச்ச இண்டெக்ஸ்ல அம்மாவோட கல்யாணத்துக்கு முன்னாடி பேர் 1911 செப்டம்பர் குவாட்டர்ல இருந்துதான் வரும், ஆனா இந்த புது இண்டெக்ஸ்ல 1837ல இருந்தே சேத்திருக்காங்க. அதுல ஆலிஸ் ஆஷ்வொர்த்த தேடுங்க, ஹஸ்லிங்டன், 1877, 1878. ஆலிஸும் நாலஞ்சு பேர் வருவாங்க, பயப்படாதீங்க. 1891 சென்சஸ்ல அதே வீட்ட பிடிச்சு ஆலிஸுக்கு கீழ பிறந்ததுங்க பேர பாருங்க, ஏதாவது ஒரு பிள்ளைக்கு கொஞ்சம் அபூர்வமான பேர் இருந்தா அதை இண்டெக்ஸ்ல தேடுங்க. அதுக்கு அம்மா பேர் ஹோவர்த்னு வந்து, ஆலிஸ்கள்ல ஒருத்திக்கும் ஹோவர்த்னு வந்தா, ஹன்னா ஹோவர்த் கைக்கு வந்துட்டா. உங்க வீட்டுல அது ஹோவர்த்தா வேறயானு தெரியாது, உதாரணத்துக்கு வச்சுக்குவோம்.

அடுத்து ஜேம்ஸ், ஹன்னா கல்யாணம். இதுக்கு ஃப்ரீபிஎம்டி தளத்துக்கு போங்க, தன்னார்வலர்கள் 1998ல இருந்து பழைய இண்டெக்ஸ டைப் பண்ணி இலவசமா போட்டு வச்சிருக்கிற இடம், இந்த தொழில்ல இருக்கிற எல்லாரும் அவங்களுக்கு கடன்பட்டவங்க. 1912க்கு முன்னாடி கல்யாண இண்டெக்ஸ்ல துணையோட பேர் வராது, ஆனா ஒரே பக்கத்துல பதிஞ்சவங்களுக்கு ஒரே நம்பர் இருக்கும். ஜேம்ஸ் ஆஷ்வொர்த்னு போட்டு துணை பேர் ஹன்னானு குடுத்தா அதுவே சேத்துக் காட்டும். இண்டெக்ஸ்ல ஹஸ்லிங்டன் மாவட்டத்துக்கு போட்டிருக்கிற வால்யூம் நம்பர் 8இ (8e). வருஷம் 1874 கடைசில இருந்து 1878 வரைக்கும். ஹஸ்லிங்டன்ல கிடைக்காட்டி ராச்டேல் மாவட்டத்தையும் பாருங்க, அதுவும் 8இ தான். பேக்கப்னு ஒரு ஊர் இருக்கு அங்க, அதுல ஒரு பாதி ஹஸ்லிங்டன் பதிவு மாவட்டம், இன்னொரு பாதி ராச்டேல், தெருவத் தாண்டினா ரிஜிஸ்டர் மாறிடும்.

முதல்ல இந்த கல்யாணப் பேப்பர மட்டும் காசு குடுத்து வாங்குங்க. பிறப்பு, இறப்புல பழையதுங்களுக்கு டிஜிட்டல் இமேஜ் 3 பவுண்டுக்கு கிடைக்கும், கல்யாணத்துக்கு அந்த வசதி இல்ல, பேப்பர்தான், 2024 ஏப்ரல்ல ஏத்தின விலைப்படி 12.50 பவுண்டு. கூகுள்ல தேடினா முதல்ல வர்ற சில கம்பெனிங்க இதே பேப்பர ரெண்டு மூணு மடங்கு விலைக்கு விப்பாங்க, அரசாங்க தளம்தானானு ரெண்டு தடவை பாத்துட்டு காசு கட்டுங்க. அதுக்கும் முன்னாடி லங்காஷயர் ஆன்லைன் பாரிஷ் கிளார்க்ஸ்னு ஒரு இலவச தளம் இருக்கு, சர்ச் பதிவுகள ஊர் ஊரா எழுதி வச்சிருக்காங்க, சர்ச்ல நடந்த கல்யாணம்னா அதுலயே முழு விவரமும் கிடைச்சு 12.50 மிச்சமாகலாம்.

அந்தப் பேப்பர்ல ஹன்னாவுக்கு நேரா கண்டிஷன்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல விடோனு இருந்தா ஹன்னா விதவை, முதல் புருஷன் பேர்லதான் இந்த ரெண்டாவது கல்யாணம் பதிஞ்சிருக்கும், தாமஸ் அந்த முதல் புருஷன் பிள்ளை, அந்த குடும்பப்பேர்ல தாமஸ தேடி, அம்மா பேர் ஹோவர்த்னு ஒத்துப்போகுதானு பாத்தா வேலை முடிஞ்சது. இதுக்கு இன்னொரு சாட்சியும் கிடைக்கும், ஆலிஸோட பர்த் சர்ட்டிபிகேட்ல அம்மா பேர ஹன்னா ஆஷ்வொர்த், லேட் இன்னார், ஃபார்மர்லி ஹோவர்த்னு எழுதியிருப்பாங்க. இங்க லேட்னா செத்துப்போனவங்கனு அர்த்தம் இல்ல, முந்தின கல்யாணத்துல இருந்த பேர்னு அர்த்தம். ஒருத்தர் இதைப் பாத்துட்டு குழந்தை பிறந்த அன்னைக்கே அம்மா செத்துட்டாங்கனு குடும்பக் கதையே எழுதிட்டார், அந்தம்மா அதுக்கப்புறம் நாலு பிள்ளை பெத்து எண்பது வயசு வரைக்கும் இருந்தவங்க.

ஸ்பின்ஸ்டர்னு இருந்தா ஹன்னாவுக்கு அதுதான் முதல் கல்யாணம். அப்ப தாமஸ் அதுக்கு முன்னாடி, கல்யாணம் ஆகாம பிறந்த பிள்ளை, தாமஸ் ஹோவர்த்னு பதிஞ்சிருப்பாங்க. ஜிஆர்ஓ இண்டெக்ஸ்ல இப்படிப்பட்ட பிள்ளைங்களுக்கு அம்மாவோட முந்தின பேர் கட்டத்துல ஒரு கோடு மட்டும்தான் இருக்கும். தாமஸ் ஹோவர்த், 1874, 1875, ஹஸ்லிங்டன் அல்லது ராச்டேல், கோடு போட்டது எத்தனைனு பாருங்க. ஒண்ணோ ரெண்டோதான் வரும், அந்த 3 பவுண்ட அங்க செலவு பண்ணுங்க. இமேஜ் வந்ததும் கடைசிக்கு முந்தின கட்டங்கள பாருங்க, தகவல் சொன்னவர் யார்னு இருக்கும். ஹன்னாவே போயிருக்கலாம், இல்லாட்டி ஹன்னாவோட அம்மா, பிரசவத்துல கூட இருந்தவர்னு போட்டு, எழுதத் தெரியாம எக்ஸ் குறி வச்சு. அந்த அட்ரஸ், அந்த பாட்டி பேர், ரெண்டும் உங்களை 1871 சென்சஸ்ல ஹன்னா பிறந்த வீட்டுக்கே கூட்டிட்டு போயிடும்.

பிள்ளைக்கு நடுப்பேர் ஒண்ணு இருந்தா அதை விட்டுடாதீங்க. தாமஸ் லார்ட் ஹோவர்த்னு இருக்குனு வைங்க, லார்ட்ங்கிறது பிரபு இல்ல, அந்தப் பக்கத்துல ஒரு குடும்பப்பேர். அப்பா பேர எழுத விடாத இடத்துல பொண்ணுங்க அந்த ஆளோட குடும்பப்பேர பிள்ளைக்கு நடுப்பேரா வச்சு சொல்லாம சொல்லிட்டு போயிருக்காங்க. எப்பவும் அப்படித்தான்னு இல்ல, பாட்டி வழிப் பேராவும் இருக்கலாம், ஆனா ஒரு நூல் அது. இன்னொரு நூல் கோர்ட். 1872 சட்டப்படி அம்மா மேஜிஸ்ட்ரேட்கிட்ட போய் பிள்ளையோட அப்பாகிட்ட வாரம் 5 ஷில்லிங் வரைக்கும் வாங்கலாம், இந்த கேஸ் எல்லாம் உள்ளூர் பேப்பர்ல பேரோட வந்திருக்கும், கோர்ட் ரிஜிஸ்டர் மிஞ்சியிருந்தா பிரஸ்டன்ல இருக்கிற லங்காஷயர் ஆர்க்கைவ்ஸ்ல கேட்டுப் பாக்கலாம்.

1612 ட்ரீ பத்தி கேட்டீங்க. அதை நான் தொடவே மாட்டேன். அதுல நம்ம தாமஸுக்கு அப்பா ஜேம்ஸ், அம்மா சாரா. 1881 சென்சஸ் ஒரே ராத்திரி எடுத்தது, ஒரு ஆள் ஒரு வீட்டுலதான் தூங்க முடியும். அதே சென்சஸ்ல ஜேம்ஸ், சாரா வீட்ட தேடுங்க, அங்க ஒரு தாமஸ் 6 வயசுல இருந்தான்னா அவன் வேற, உங்க ஆள் வேற, அந்த மரம் அடியோட சாய்ஞ்சது. அங்க இல்லன்னா அந்த தாமஸ் சின்ன வயசுலயே போயிட்டானானு இறப்பு இண்டெக்ஸ்ல பாருங்க, ஜிஆர்ஓ இண்டெக்ஸ்ல இறந்த வயசு 1837ல இருந்தே இருக்கு. எங்க தொழில்ல இதை ஆளைக் கொன்னு பாக்குறதுனு சொல்லுவோம், கேக்க கொடூரமா இருக்கும், ஆனா இதை செய்யாம நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வேலைக்கு வந்த புதுசுல ஒரு குடும்பத்துக்காக ஒரு ஜானை பிடிச்சு அவர் பரம்பரைய எட்டு மாசம் தோண்டி அஞ்சு தலைமுறை போட்டு முடிச்சிட்டேன், கடைசில சும்மா ஒரு நாள் இறப்பு இண்டெக்ஸ பாத்தா அந்த ஜான் மூணு வயசுலயே போயிட்டான். மூணு வயசுல செத்தவனுக்கு நான் கல்யாணம் பண்ணி பேரன் பேத்தி எடுத்து வச்சிருக்கேன். வாங்கின காச திருப்பிக் குடுத்தேன், வேற என்ன பண்றது. அந்தக் காலத்துல செத்த பிள்ளை பேரையே அடுத்த பிள்ளைக்கு வைப்பாங்க, நாம தாத்தா பேர பேரனுக்கு வைக்கிற மாதிரி, அதுல வழுக்கி விழுந்தவங்கள்ல நானும் ஒருத்தி.

1837க்கு முன்னாடி போகவே முடியாதுனு சொல்லல. சர்ச் பதிவு 1538ல, எட்டாவது ஹென்றி ராஜாவோட மந்திரி தாமஸ் குரோம்வெல் உத்தரவுல ஆரம்பிச்சது. ஆனா பழைய ஞானஸ்நானப் பதிவுல ஜேம்ஸ் ஆஷ்வொர்த் மகன் ஜான்னு மட்டும்தான் பல இடத்துல இருக்கும், அம்மா பேர் இல்ல, வீடு இல்ல, ஊர் முழுக்க ஜேம்ஸ் ஆஷ்வொர்த். போதாக்குறைக்கு அந்தப் பள்ளத்தாக்குல பாப்டிஸ்ட்காரங்க ஜாஸ்தி, குட்ஷாங்கிற ஊர்ல 1760ல கட்டின பாப்டிஸ்ட் சாப்பல் இன்னும் நிக்குது, அவங்க குழந்தைக்கு ஞானஸ்நானமே குடுக்க மாட்டாங்க. கல்யாணம் மட்டும் 1754ல இருந்து 1837 வரைக்கும் குவேக்கர்ங்கிற கிறிஸ்தவப் பிரிவுக்காரங்க, யூதர் தவிர எல்லாரும் ஆங்கிலிக்கன் சர்ச்லதான் பண்ணணும்னு சட்டம், அதனால அது கிடைக்கும். 1612 வரைக்கும் நேர்கோடு போட்டேன்னு சொல்றவங்க ஒவ்வொரு முடிச்சுக்கும் பேப்பர் காட்டட்டும், பாக்கலாம்.

கல்யாணமே எங்கயும் கிடைக்கலைன்னாலும் கலங்காதீங்க, அதுக்கும் காரணம் இருக்கும். ஜேம்ஸோட செத்துப்போன முதல் பொண்டாட்டிக்கு ஹன்னா தங்கச்சியா இருந்தா? நமக்கு அக்கா போயிட்டா மச்சினிச்சிய கட்டி வைக்கிறது, பிள்ளைங்கள சித்தி பாத்துக்குவானு பெரியவங்களே பேசி முடிக்கிற விஷயம். இங்கிலாந்துல 1907 வரைக்கும் அது செல்லாத கல்யாணம். சில பேர் தெரியாத ஊருக்கு போய் கட்டிக்கிட்டாங்க, சில பேர் கட்டாமலே புருஷன் பொண்டாட்டினு இருந்துட்டாங்க. டைவர்ஸ் கோர்ட் 1858ல வந்தாலும் தறி ஓட்டுறவனுக்கு அந்த செலவு எட்டாது, பிரிஞ்சுபோய் வேற ஊர்ல இன்னொரு குடும்பம் நடத்தினவங்களும் உண்டு.

சார்ட்டுக்கு உயிர் குடுக்கிறது எதுன்னு கேட்டா 1911 சென்சஸ்னு சொல்லுவேன். அதுக்கு முந்தின சென்சஸ்ல எல்லாம் காப்பி எடுத்தவர் எழுத்துதான் மிஞ்சியிருக்கு, 1911ல வீட்டுத் தலைவர் நிரப்பின ஃபாரமே இருக்கு. தாமஸ் தன் கையால எழுதி கையெழுத்து போட்டது, அத்தை தன் தாத்தா எழுத்த பாக்கப்போறாங்க. அதுல கல்யாணம் ஆகி எத்தனை வருஷம், உயிரோட பிறந்த பிள்ளைங்க எத்தனை, இருக்கிறது எத்தனை, போனது எத்தனைனு கேட்டிருப்பாங்க. எலனுக்கு 6 பிறந்து 4 இருக்கு 2 போச்சுனு இருந்தா, அந்த ரெண்டு பிள்ளைங்க பேர இன்னைக்கு உலகத்துல யாருக்கும் தெரிஞ்சிருக்காது. ஜிஆர்ஓ இண்டெக்ஸ்ல ஆஷ்வொர்த், அம்மா பேர் பிக்கப், 1898ல இருந்து 1911 வரைக்கும் பிறந்தவங்களை வரிசையா எடுங்க, தேடல் ஒரு தடவைக்கு முன்னாடி பின்னாடி ரெண்டு வருஷம்தான் தரும், அதனால மூணு தடவை போடணும். சென்சஸ்ல இல்லாத பேர் எதுவோ அதை இறப்புல தேடுங்க. 1900 வாக்குல இங்கிலாந்துல பிறக்கிற ஆயிரத்துல 150 குழந்தைங்க ஒரு வயசு தாண்டல, மில் ஊர்கள்ல இன்னும் மோசம். அந்த ரெண்டு பேரையும் சார்ட்ல போடுங்க, தயவு செஞ்சு.

அத்தையோட அம்மா 1911க்கு அப்புறம் பிறந்திருந்தா 1921 சென்சஸ்ல இருப்பாங்க, அது 2022 ஜனவரில திறந்தது. 1931 சென்சஸ் 1942ல தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சு, 1941ல போர்னால எடுக்கவே இல்ல, நடுவுல கை குடுக்கிறது 1939 செப்டம்பர்ல ரேஷன் கார்டுக்காகவும் அடையாள அட்டைக்காகவும் எடுத்த ரிஜிஸ்டர் மட்டும்தான். தாமஸோட டெத் சர்ட்டிபிகேட் வாங்கணுமானு கேட்டா அவசரம் இல்லம்பேன். ஸ்காட்லாந்துல இறப்புப் பதிவுல அப்பா அம்மா பேர் இருக்கும், இங்கிலாந்துல இருக்காது. யார் போய் சொன்னாங்கனு மட்டும் தெரியும், அது சில சமயம் தெரியாத ஒரு மகளையோ மருமகனையோ காட்டிக் குடுக்கும், இந்த மருமகன் நிஜ மருமகன்.

கடைசியா நீங்க கேக்காத ஒண்ணு. ஸ்பின்ஸ்டர்னு வந்து, கோடு போட்ட பிறப்புப் பதிவும் வந்துச்சுன்னா, அதை ஃப்ரேம் போட்டு பிறந்தநாள் அன்னைக்கு எல்லார் முன்னாடியும் பிரிக்க வைக்காதீங்க. முன்னாடியே ஒரு நாள் டீ போட்டு குடுத்து தனியா உக்காந்து சொல்லுங்க. அவங்களுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருக்கவும் கூடும், டின்ல கல்யாணப் பேப்பர் மட்டும் இருந்து தாத்தா பிறந்த பேப்பர் இல்லாதது தற்செயலானு எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. சார்ட்ல ஜேம்ஸ எங்க வைக்கிறதுனு அவங்களே முடிவு பண்ணட்டும், என்னைக் கேட்டா தாமஸுக்கு மேலதான் வைப்பேன், வளத்த அப்பானு எழுதி. கோடு போட்ட இடத்துல யார்னு தெரிஞ்சுக்க அவங்களுக்கே ஆசை இருந்தா டிஎன்ஏ டெஸ்ட் ஒரு வழி, அதுவும் உங்க வீட்டுக்காரர விட ஒரு தலைமுறை கிட்ட இருக்கிற அவங்க எடுத்தாதான் பலன் ஜாஸ்தி. ஆனா அந்தப் பேச்ச அவங்களே எடுக்கட்டும், நீங்க கிட் வாங்கி பரிசா குடுத்துடாதீங்க.

மார்ச்னு சொன்னீங்க, பேப்பர் தபால்ல வர நாள் ஆகும், அதனால இன்னைக்கு ராத்திரியே ஆலிஸ தேடிட்டு ஜேம்ஸ், ஹன்னா கல்யாணத்துக்கு ஆர்டர் போடுங்க. வந்ததும் அந்த கண்டிஷன் கட்டத்துல என்ன இருக்கு, சாட்சி போட்டவங்க யார் யாருனு ரெண்டு வரி எழுதுங்க, சாட்சில ஒரு ஹோவர்த் இருந்தா அவங்கள எங்க தேடணும்னு நான் சொல்றேன்.